விமானியும் நீரிழிவும்

இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் இருக்கிற வீட்டில் இந்தக் காட்சியைக் காணாதவர் அநேகமாய் இரார். காலை ஏழு மணிக்கு ஊசி போட்டாயிற்று. வாசலில் யாரோ வந்து நின்றதால் பலகாரம் சாப்பிடுவது தள்ளிப்போயிற்று. எட்டரை மணிக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நெற்றியிலும் பிடரியிலும் வியர்வை. சட்டையின் முதுகுப்புறம் நனைந்து ஒட்டியிருக்கிறது. "என்னங்க, சர்க்கரை இறங்கிடுச்சா?" என்று மனைவி கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லை, சும்மா இரு" என்று எரிந்து விழுகிறார். அந்த அம்மாள் வாதாடுவதில்லை. ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து வாயருகே கொண்டுபோகிறார். கால் மணி நேரத்தில் மனிதர் தெளிந்துவிடுகிறார். தாம் எரிந்து விழுந்தது கூட அவருக்கு நினைவில்லை.

இந்தக் காட்சியில் பயப்படத்தக்கது வியர்வையன்று, "எனக்கு ஒண்ணும் இல்லை" என்ற அந்த வார்த்தையே. காலில் முள் தைத்தால் மூளை அறிகிறது. காய்ச்சல் வந்தால் மூளை அறிகிறது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோகும்போது முதலில் மங்குவதே அறியவேண்டிய மூளைதான். இன்சுலின் செலுத்திக்கொள்பவரை விமானத்தின் இயக்கு கருவிகளுக்கு முன்னால் உட்கார வைக்கலாமா என்ற கேள்வி, வைத்தியர்களையும் விமானத் துறை அதிகாரிகளையும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அலைக்கழித்ததற்கு மூலகாரணம் இதுவே. நோயாளியின் உடம்பை அவர்கள் சந்தேகிக்கவில்லை. அந்த உடம்பைப் பற்றி அவரே தரக்கூடிய சாட்சியத்தைத்தான் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது என்பதையும், அதற்கு வெகுகாலம் அளிக்கப்பட்டு வந்த பரிகாரம் முரட்டுத்தனமானது என்பதையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டே இவ்விஷயத்தை ஆராய விரும்புகிறேன்.

உடலின் மற்ற உறுப்புகள் கொழுப்பை எரித்தும் காலம் தள்ளும். மூளையோ பெரும்பாலும் இரத்தம் கொண்டுவந்து தரும் குளுக்கோஸையே நம்பிப் பிழைக்கிறது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே அது இறங்கினால் தாழ்சர்க்கரை என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். அந்த எல்லையை ஒட்டி உடம்பு அட்ரினலினைச் சுரந்து கை நடுக்கம், படபடப்பு, பசி, வியர்வை ஆகிய அபாயக் குறிகளை எழுப்புகிறது. 54-க்குக் கீழே போகும்போது யோசனை தடுமாறத் தொடங்குகிறது. மேலும் இறங்கினால் வலிப்பும் மயக்கமும் வரலாம். விபரீதம் என்னவென்றால், அடிக்கடி சர்க்கரை இறங்கிப் பழகிய உடம்பு நாளடைவில் இந்த எச்சரிக்கைகளையே விட்டுவிடுகிறது. வியர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை. நேரே புத்தித் தடுமாற்றத்தில் போய் இறங்குகிறது.

1922-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் டொரான்டோ நகரத்து ஆஸ்பத்திரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் முதலாம் வகை நீரிழிவு என்பது சில மாதங்களிலோ ஓரிரண்டு வருஷங்களிலோ வரும் மரணம். அத்தகையவர் விமானம் ஓட்டலாமா என்று கேட்க இடமே இருந்ததில்லை. உயிரைத் திருப்பிக் கொடுத்த அதே மருந்து, அளவு மிஞ்சினாலும் உணவு தாமதித்தாலும் அறிவை மறைக்கக்கூடிய மருந்தாகவும் இருந்தது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் வைத்திய விதிகளைத் திருத்தி எழுதியபோது, இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் வேறு மருந்தோ தேவைப்படுகிற நீரிழிவைத் தகுதியை நேரடியாகவே பறிக்கும் நோய்களுள் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது. மனிதர் எப்படிப்பட்டவர், நோயை எவ்வளவு கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார் என்ற விசாரணைக்கு அங்கே இடமில்லை. நோயின் பெயர் ஒன்றே தீர்ப்பாயிற்று. அக்காலத்தில் வேறு விதமாக எழுதியிருக்கவும் முடியாது என்பதையும் சொல்லவேண்டும். சர்க்கரையை அறியச் சிறுநீரைக் காய்ச்சி நிறம் பார்த்த காலம் அது. சிறுநீர் சில மணி நேரத்துக்கு முந்திய சமாசாரத்தைத்தான் சொல்லும். தாழ்சர்க்கரையைப் பற்றி அது வாய் திறப்பதே இல்லை. ஆகவே, அளக்க முடியாத அபாயத்தை அடியோடு விலக்கினார்கள்.

இன்றைக்கு அமெரிக்காவில் நீரிழிவு என்ற ஒரே சொல்லின் கீழ் வைத்தியர்கள் பல படிகளைப் பார்க்கிறார்கள். உணவாலும் நடையாலும் மட்டுமே சர்க்கரையைக் கட்டிவைத்திருப்பவருக்குப் பெரிய தடை ஏதும் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர் விசேஷ அனுமதி பெறவேண்டும். அதற்கு முன் புது மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்வரை பறக்காமல் காத்திருக்கவும் வேண்டும். மெட்பார்மினுக்கு இந்தக் காத்திருப்பு 14 நாள். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் சல்போனைல்யூரியா வகை மாத்திரைகளுக்கு 60 நாள். இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், மெட்பார்மின் தனியாக நின்று சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்குவது அபூர்வம். மற்றதோ பட்டினியாய் இருப்பவரையும் விடாமல் இறக்கிவிடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 9 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளூர்ப் பரிசோதனை வைத்தியர் தாமே சான்றிதழ் கொடுத்துவிட முடியாது, மேலிடத்துக்கு எழுதவேண்டும். இவையெல்லாம் இன்று பெரிய விவாதத்துக்கு உரியவையல்ல. இன்சுலின்தான் விவாதத்தின் மையம்.

அந்தக் கதவு முதன்முதலில் 1996-ஆம் ஆண்டு நவம்பரில் திறந்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பல ஆண்டுகள் முறையிட்டதன்பேரில், இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கும் மூன்றாம் வகுப்புச் சான்றிதழை, அதாவது சம்பளத்துக்கன்றிச் சொந்தமாக விமானம் ஓட்டுவதற்கான சான்றிதழை, ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்து கொடுக்கலாம் என்று நிர்வாகம் இசைந்தது. விண்ணப்பிக்கிறவர் கடந்த ஐந்து ஆண்டுகளில் மயக்கமோ வலிப்போ புத்தித் தடுமாற்றமோ உண்டாக்கிய தாழ்சர்க்கரைக்கு இரண்டு முறை ஆளானவராய் இருக்கக்கூடாது. கடைசி ஓராண்டில் ஒரு முறையும் கூடாது. முன்னறிவிப்பின்றி வந்த தாழ்சர்க்கரையும், பிறர் கை கொடுத்துத் தூக்கிவிடவேண்டியிருந்த தாழ்சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேரும். நான் முதலில் சொன்ன அந்த டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் வீட்டோடு முடிந்துவிடும் சமாசாரமன்று. விமானி என்றால் அது அவருடைய ஏட்டில் ஏறவேண்டிய ஒன்று.

அந்த அனுமதியோடு வகுக்கப்பட்ட ஒழுங்குமுறையை ஊன்றிப் படித்தால், அதை எழுதியவர்கள் ஆஸ்பத்திரியையும் அறிந்தவர்கள், விமானத்தையும் அறிந்தவர்கள் என்பது தெரிகிறது. புறப்படுவதற்கு அரை மணி நேரத்துக்குள் ஒரு முறை, பறக்கும்போது மணிக்கு ஒரு முறை, இறங்குவதற்கு அரை மணி நேரத்துக்குள் ஒரு முறை, விமானி தம் விரல் நுனியைக் குத்தி ஒரு துளி இரத்தத்தை அளவுகோலில் வைத்துப் பார்க்கவேண்டும். எண் 100-க்கும் 300-க்கும் இடையில் இருக்கவேண்டும். புறப்படுமுன் 100-க்குக் கீழே இருந்தால் 10 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, அரை மணி கழித்து மறுபடி பார்த்த பிறகே புறப்படலாம். வானத்தில் 100-க்குக் கீழே போனால் 20 கிராம். 300-க்கு மேல் போனால் அருகிலுள்ள தக்க விமான நிலையத்தில் இறங்கிவிடவேண்டும். பிரயாணம் முழுமைக்கும் போதுமான குளுக்கோஸ், பத்துப் பத்துக் கிராம் பொட்டலங்களாகக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

இவற்றைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு விதி. வானிலை மோசமாகி, மேகத்துக்குள் விமானம் குலுங்கி, இரண்டு கையும் கண்ணும் இயக்கத்திலேயே இருக்கவேண்டிய சமயத்தில் அளக்கும் நேரம் வந்துவிட்டால் என்ன செய்வது? அந்த நேரத்தில் விரலைக் குத்திக்கொண்டிருப்பதே ஆபத்து. அப்போது அளக்கவேண்டாம், பத்துக் கிராம் குளுக்கோஸை வாயில் போட்டுக்கொண்டு விமானத்தைக் கவனி என்கிறது விதி. அடுத்த மணி நேரத்திலும் அளக்க முடியாவிட்டால் இருபது கிராம் உண்டு, அருகில் எங்கே இறங்கலாமோ அங்கே இறங்கு என்கிறது. தெரியாத நிலையில் சர்க்கரை குறைவாக இருக்கிறது என்றே எண்ணிக்கொள் என்பதுதான் இதன் உட்பொருள். ஐயம் வந்தால் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பதை நிதானமாய் இருந்தபோதே முடிவு செய்து வைத்து, நிதானம் தவறக்கூடிய வேளைக்கு யோசனையின் பாரத்தையே அது இல்லாமல் செய்துவிட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுகிறது, அது அற்பமானதன்று. ஆஸ்பத்திரியில் ஒருவர் 290 என்று காட்டினால் வைத்தியர் முகம் சுளிப்பார். ஆகாயத்தில் அதே 290 அனுமதிக்கப்படுகிறது. காரணம் எளிது: உயர்ந்த சர்க்கரை கரையானைப் போன்றது; கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் வருஷக்கணக்கில் அரிக்கும். தாழ்ந்த சர்க்கரை கூரையில் பற்றிய தீயைப் போன்றது. நிமிஷக் கணக்கில் வேலையை முடிக்கும். விமானப் பிரயாணம் மணிக்கணக்கு ஆகையால் விதி தீயையே பிரதானமாய்ப் பார்க்கிறது. ஆனால், சான்றிதழ் போய்விடுமோ என்ற பயத்தினால் விமானிகள் எப்போதும் சர்க்கரையை மேலேயே நிறுத்திக்கொண்டு, வேலைக்காக உடம்பைக் கரையானுக்குக் கொடுத்துவிடமாட்டார்களா? இந்தக் கேள்விக்கு ஊகத்தால் பதில் சொல்ல முடியாது. அனுபவம்தான் பதில் சொல்லவேண்டும். அந்த அனுபவம் பிற்பாடு பிரிட்டனிலிருந்து வந்தது.

அதற்கு முன் அந்நாட்டவர் ஒருவரைக் குறிப்பிட்டாக வேண்டும். டக்ளஸ் கெய்ர்ன்ஸ் பிரிட்டிஷ் விமானப் படையில் ஜெட் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆசிரியர். 1989-இல் அவருக்கு முதலாம் வகை நீரிழிவு கண்டது. அத்தோடு பறக்கும் உரிமை போயிற்று. அமெரிக்காவின் புதிய அனுமதி அவருக்கு அந்த உரிமையைத் திருப்பித் தந்தது. 2002, 2003-ஆம் ஆண்டுகளில் இரட்டை என்ஜின் கொண்ட பீச் பேரன் என்ற சிறு விமானத்தில் அவர் உலகத்தையே சுற்றிவந்தார். சாகசம் என்று பலர் பாராட்டினார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தப் பிரயாணத்தின் சிறப்பு சாகசத்தில் இல்லை. வழியெல்லாம் மணிக்கொரு முறை விரலைக் குத்தி, எண்ணை எழுதி வைத்துக்கொண்டே போன அந்த நியமத்தில் இருக்கிறது.

சொந்த விமானம் ஓட்டுவது வேறு, பயணிகளை ஏற்றிச் செல்வது வேறு. 1944-ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் வழிவந்த சர்வதேச விதித் தொகுப்பு, இன்சுலின் போடுகிறவர் தகுதியற்றவர் என்றே இன்னும் கூறுகிறது. தனி நபர்களின் விஷயத்தில் நிபுணர்களின் முடிவைக்கொண்டு தளர்த்திக்கொள்ளவும் அதுவே ஒரு சிறு வழி விட்டிருக்கிறது. சர்வதேச நியமத்துக்குக் குறைவாகத் தரப்பட்ட உரிமத்தில் அந்தக் குறை எழுதப்படவேண்டும் என்றும், அத்தகைய உரிமம் உடையவர் மற்றொரு நாட்டின் வானத்தில் அந்நாட்டின் சம்மதமின்றிப் பறக்கலாகாது என்றும் உடன்படிக்கையின் 39, 40-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. ஒரு நாட்டில் தகுதி பெற்றவர் எல்லையைத் தாண்டியதும் தகுதியற்றவராகக்கூடும்.

எவ்வளவு அபாயத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு விமான வைத்தியத்தில் ஒரு கணக்கு உண்டு. ஒரு சதவீத விதி என்று அதற்குப் பெயர். ஒரு விமானி ஓராண்டுக்குள் திடீரென்று செயலிழந்துபோகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று. உயிருக்கு உலை வைக்கக்கூடிய கட்டங்கள் புறப்பாடும் இறக்கமும்தான். அவை பிரயாணத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்தச் சமயத்திலும் பக்கத்திலிருக்கும் மற்ற விமானி கட்டுப்பாட்டை ஏற்கத் தவறுவது நூறு முறையில் ஒரு முறை என்று கொண்டால், விபத்தின் வாய்ப்பு நூறு கோடி மணி நேரத்துக்கு ஒன்றாகிறது. இந்தக் கணக்கு பழைய தடைக்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறது: அபாயமே இல்லாத விமானி என்று எவரும் இல்லை, ஐம்பது வயதான எந்த மனிதருக்கும் மாரடைப்பு வரலாம். இருக்கிற அபாயம் அளவுக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி. அளக்க முடிந்துவிட்டால் பெயரைப் பார்த்து விலக்க நியாயமில்லை.

2012-இல் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் இந்த வழியில் துணிந்து, இன்சுலின் போடுகிறவர்களுக்கு முதல் வகுப்புச் சான்றிதழ் வழங்கியது. பிறகு அயர்லாந்தும் ஆஸ்திரியாவும் சேர்ந்துகொண்டன. சாலை விளக்குகளைப் போல மூன்று நிறங்களை ஆணையம் வகுத்தது. 90 முதல் 270 வரை பச்சை. 72-க்கும் 90-க்கும் இடைப்பட்டது மஞ்சள். 270-க்கு மேல் 360 வரையும் மஞ்சள். ஏதேனும் உண்ணவேண்டும், அல்லது இன்சுலின் அளவைப் பரிசீலிக்கவேண்டும். 72-க்குக் கீழேயும் 360-க்கு மேலேயும் சிவப்பு. அப்போது விமானத்தை உடனே துணை விமானியிடம் ஒப்படைக்கவேண்டும். தனியாகப் பறக்க இவர்களுக்கு உரிமை இல்லை. இரண்டு விமானிகள் உள்ள விமானத்தில் மட்டுமே பணி. அளவுகோல் காட்டும் எண்ணைப் பக்கத்திலிருப்பவரும் பார்த்து உறுதி செய்கிறார்.

நோயாளியின் சாட்சியத்தை மட்டும் நம்பமுடியாது என்பதுதான் பழைய சந்தேகம். அதற்கு விடை, இன்னொரு சாட்சியை வைப்பது. வீட்டில் அந்த அம்மாள் செய்ததை இங்கே கருவியும் துணை விமானியும் சேர்ந்து செய்கிறார்கள். அவரோ வியர்வையைக் கண்டபின் வந்தார், இவர்கள் வியர்வை வருவதற்கு வெகு முன்பே வருகிறார்கள்.

சரே பல்கலைக்கழகத்தையும் ராயல் சரே ஆஸ்பத்திரியையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இந்த மூன்று நாட்டு விமானிகளின் ஏடுகளைத் திரட்டி 2020-இல் வெளியிட்டார்கள். 49 விமானிகள்; 22,078 மணி நேரப் பறப்பு; 38,621 அளவீடுகள். அவற்றுள் 97.69 சதவீதம் பச்சை. தாழ்ந்த சிவப்பில் விழுந்தவை 48. உயர்ந்த சிவப்பில் 6. 2013-இல் 5.7 சதவீதமாக இருந்த பச்சைக்கு வெளியிலான எண்கள் 2019-இல் 1.2 சதவீதமாகக் குறைந்தன. ஒரு விமானியும் செயலிழக்கவில்லை. முன்பு எழுந்த ஆட்சேபத்துக்கும் இங்கேதான் விடை: அவர்களுடைய நீண்டகாலச் சர்க்கரைக் கட்டுப்பாடு கெடவில்லை. வேலைக்காக உடம்பைக் கரையானுக்குக் கொடுக்கவில்லை. 49 பேர் சிறு தொகைதான்; தாமே முன்வந்து, கடுமையான வடிகட்டலில் தேறியவர்கள் இவர்கள்; எல்லா நீரிழிவுக்காரருக்கும் இதை நீட்டிச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் நீட்டிச் சொல்லும்படி எவரும் கேட்கவில்லையே! தேறியவரைத் தேறியவராக நடத்துங்கள் என்பதுதானே கோரிக்கை?

அமெரிக்காவில் சம்பளத்துக்குப் பறக்கும் உரிமை இன்னும் தாமதமாயிற்று. ஒரு விமானி முதல் வகுப்புச் சான்றிதழ் மறுக்கப்பட்டு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். மறுப்புக்குத் தக்க காரணம் கூறப்படவில்லை என்று 2016-இல் அந்த நீதிமன்றம் விஷயத்தை நிர்வாகத்துக்கே திருப்பி அனுப்பியது. இதற்கிடையில் கருவிகளும் மாறின. தோலடியில் மெல்லிய உணரியைப் பதித்துச் சில நிமிஷங்களுக்கு ஒரு முறை சர்க்கரையைக் காட்டும் தொடர் கண்காணிப்புக் கருவி, எண்ணோடு அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் அம்புக்குறியால் காட்டுகிறது. எல்லையை நெருங்கினால் ஒலி எழுப்புகிறது. 110 என்ற எண் நின்றுகொண்டிருக்கும் 110-ஆக இருந்தால் நிம்மதி. வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் 110-ஆக இருந்தால் அபாயம். விரல் நுனித் துளிக்கு இந்த வேற்றுமை தெரியாது. உயரத்தில் பிராணவாயு குறைவதால் சிலவகைச் சோதனைத் தாள்கள் பிழையான எண் காட்டக்கூடும் என்ற கவலையும் பழைய முறைக்கு உண்டு. 2019 நவம்பரில், இந்தக் கருவியின் பல மாதக் குறிப்புகளை ஒப்படைத்து நிலையான கட்டுப்பாட்டை நிரூபிப்பவர்களுக்கு முதல், இரண்டாம் வகுப்புகளையும் திறந்துவிடுவதாக அமெரிக்க நிர்வாகம் அறிவித்தது. அடுத்த ஆண்டே சான்றிதழ்கள் வெளிவரத் தொடங்கின.

அடியோடு தடுப்பதே பத்திரம் என்று இன்னும் நினைக்கிறவர்கள் ஒன்றை யோசிக்கவேண்டும். பிழைப்பு முழுவதும் ஒரு சான்றிதழில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அதிக தாகமும் அடிக்கடி சிறுநீரும் வந்த ஒரு விமானி வைத்தியரிடம் போவாரா, தள்ளிப்போடுவாரா? மாத்திரை போதவில்லை, இன்சுலினுக்கு மாறுங்கள் என்று வைத்தியர் சொன்னால், உடம்பு கேட்கும் மருந்தை ஏற்பாரா, வேலை கேட்கும் மாத்திரையிலேயே காலம் கடத்துவாரா? திரும்பி வர வழி உண்டு என்று தெரிந்தால்தான் மனிதர் உள்ளதைச் சொல்வார். கண் பரிசோதனை, இருதயப் பரிசோதனை, மூன்று மாதத்துக்கொரு முறை நிபுணரின் அறிக்கை, கருவியின் பதிவுகள் என்று அந்த வழி நீண்டதும் சலிப்பூட்டுவதுமாய் இருக்கிறது. நீண்டதாகவே இருக்கட்டும், அடைபடாமல் இருந்தால் போதும்.

இரவு வேளை, லண்டனை நெருங்கும் ஒரு விமானத்தில் இறங்குவதற்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம். பின்னால் பயணிகள் பாதித் தூக்கத்தில் இருக்கிறார்கள். இடப்பக்கத்து ஆசனத்திலிருப்பவர் கட்டுப்பாட்டைத் துணை விமானியிடம் கொடுத்துவிட்டு, சிறு பையைத் திறந்து, விரலைத் துடைத்து, குத்தி, துளியைத் தாளில் தொடுகிறார். ஐந்து விநாடி. 131 என்று வருகிறது. கருவியை வலப்பக்கம் திருப்பிக் காட்டுகிறார். மற்றவர் குனிந்து பார்த்து, எண்ணை வாய்விட்டுச் சொல்கிறார். இவர் அதை ஏட்டில் எழுதிக்கொண்டு, கட்டுப்பாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.